இப்போது வேண்டாம்

எழுதத் தெரிந்தவர்கள் எழுதும் இடத்தில் நானும் வந்து உட்காருவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பத்தாவதோடு நின்றவன் நான். டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ் செய்திருக்கிறேன். இருபது வருடமாக உத்திரமேரூர் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் மற்றவர்கள் சொல்லச் சொல்ல மனு அடித்துக் கொடுக்கிறேன். என் சொல்லாக ஒரு பக்கம்கூட அடித்ததில்லை. இதில் யார் பெயரும் வராது. அந்தப் பெண்ணின் ஊரையும் அவளுக்கு என்ன நோய் என்பதையும் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே என் கடையிலிருந்து வெளியே போனது போதும்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பேச வராது. யாராவது முகத்தைப் பார்த்துக் கேட்டால் சரி என்று சொல்லிவிடுவேன். ஆனால் இந்தத் தொழிலில் அது ஒரு குறையாக இல்லை. பெருநகரிலிருந்தும் மானாம்பதியிலிருந்தும் வருகிறவர்கள் நான்கு கடையைத் தாண்டி என்னிடம் வந்ததற்குக் காரணமே அதுதான். டீக்கடையில் வழி கேட்டால், "கல்லு மாதிரி உக்காந்துக்கினு இருப்பாரு பாரு, அவருகிட்ட போ. இந்தக் காதுல வாங்கினது அந்தக் காதுக்கே தெரியாது" என்பார்கள். எனக்கு இருந்த ஒரே நல்ல பெயர் அது.

போன வருடம் பழைய கம்ப்யூட்டரில், இந்த சிஸ்டத்துக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது என்று திரையில் வந்துகொண்டே இருந்தது. ரிப்பேர் செய்கிறவரைக் கூப்பிட்டேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர், நல்ல மனிதர்.

"ரெண்டு சிஸ்டம் கீதுண்ணா. எல்லாரும் போடறது ஒண்ணு, அதுக்கு மெயில் ஐடி வேணும். இன்னொண்ணு சும்மாவே கிடைக்குது, அது எந்த ஐடியும் கேக்காது. ஆனா தமிழ் அடிக்கறதுக்கு கை புதுசா பழகணும். எது போடட்டும்?"

கை பழக வேண்டும் என்றதும் எனக்குப் பயமாக இருந்தது. எல்லோரும் போடுவதையே போடச் சொன்னேன்.

"உனக்கு மெயில் கீதா?"

"இல்லப்பா."

"அப்ப என்னுதையே போட்டுடறேன். அஞ்சு நிமிஷ வேலை."

சரி என்றேன்.

அதன் பிறகு திரை வரிசையாகக் கேள்வி கேட்டது. தமிழிலேயே கேட்டது. நான் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளலாமா, நான் அடிப்பதைப் பார்த்துக்கொள்ளலாமா, என் படங்களையும் கோப்புகளையும் பத்திரமாக வேறு இடத்திலும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டது. ஒவ்வொன்றுக்கும் கீழே பெரிதாக 'சரி' இருந்தது. பக்கத்தில் சின்னதாக 'இப்போது வேண்டாம்'. ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்ல அதில் இடமே இல்லை. அவர் என் பக்கம் திரும்பி, "சரிதானேண்ணா?" என்று கேட்டுக் கேட்டு அழுத்தினார். நானும் ஒவ்வொரு முறையும் சரி என்றேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு அம்மா மகளோடு வந்தார். நடவு, களை எடுப்பு என்று கூலி வேலைக்குப் போகிறவர். கடையில் வேறு ஆள் இருந்ததால் வெளியே நின்றுகொண்டிருந்தார். அந்த ஆள் போன பிறகுதான் உள்ளே வந்து பையிலிருந்து ஆஸ்பத்திரி அட்டையை எடுத்தார். அட்டையில் பெண்ணின் போட்டோ ஒட்டியிருந்தது. தினம் இரண்டு மாத்திரை போட்டால் ஒன்றும் செய்யாத நோய். மாத்திரைக்காக மாதாமாதம் ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டியிருந்தது. அதை உள்ளூர் ஆஸ்பத்திரியிலேயே தரச் சொல்லி மனு போட வேண்டும்.

"பொண்ணுக்கு பேசி முடிச்சிக்கீதுண்ணா. பையனுக்கு எல்லாம் தெரியும், இவளே சொல்லிட்டா. அவன் பரவால்லன்னுட்டான். அவங்க அம்மாவுக்கு மட்டும் மெல்ல சொல்றேன்னு கீறான். அதுவரைக்கும் வெளியே போவக்கூடாது. நீ பேசாத ஆளுன்னுதான் வந்தேன்."

அட்டையை ஸ்கேன் செய்து மனுவோடு சேர்த்து அனுப்பினேன். "மறுபடி கேட்டா தரணும், உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். ஒரு ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர் போட்டு அதற்குள் வைத்தேன். பீரோவுக்குள் லாக்கரில் வைத்தது போல எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஆடி முடிந்து கல்யாணத்துக்கு நாள் குறிப்பதாக இருந்தார்கள். அதற்கு முன்பே அந்த அம்மா தனியாக வந்தார். உட்காரவில்லை.

"மாப்பிள்ளை வூட்ல இப்போ வேணாம், அப்புறம் பாக்கலாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அட்டையில ஒட்டின போட்டோவைக்கூட பாத்துட்டுக் கீறாங்க."

"நான் யாருகிட்டயும் சொல்லலம்மா."

"அப்ப அட்டை தானா நடந்து மாப்பிள்ளை வூட்டுக்குப் போச்சா? சொல்லுண்ணா. காலு மொளச்சி பஸ் ஏறிப் போச்சா?"

அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "பேசறவன்கிட்ட போயிருந்தாக்கூட இன்னா பேசுவான்னு தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

யோசித்து யோசித்து ரிப்பேர்காரரிடம் போனேன். மாப்பிள்ளை வீடும் ரிப்பேர்காரரின் மாமியார் வீடும் ஒரே தெரு. விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"ஐயோ, அதுவாண்ணா? எங்க வூட்டுக்காரி என் போன்ல பாப்பா பொறந்தநாள் போட்டோ தேடிக்கினு இருந்தா. இந்தப் பொண்ணு படம் யாருதுன்னு கேட்டா. நான் கவனிக்கவேயில்ல. அவ அவங்க அம்மா வூட்டுக்குப் போனப்ப இந்தப் போனையே காட்டிட்டா போலக் கீது."

போனைத் திறந்து காட்டினார். அவருடைய மெயிலில் அல்லவா என் கம்ப்யூட்டர் இருந்தது. என் கடை முழுவதும் அவர் போனுக்குள் இருந்தது. ஜாதிச் சான்றிதழ்கள், ரேஷன் கார்டுகள், கைநாட்டு வைத்த காகிதங்கள், யார் யாருடையவோ முகங்கள். அவருடைய குழந்தை கேக் வெட்டும் படத்துக்கு அடுத்ததாக என்னுடைய சர்க்கரை ரிப்போர்ட்.

"அன்னிக்கே கேட்டேனேண்ணா, நீதான் சரின்ன" என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னார். "எல்லாத்தையும் அழிச்சிடறேன். நீ கெளம்பு, பேஜாராவாத."

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அந்தப் பெண்ணின் ஊருக்குப் போனேன். என்ன சொல்வது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். அம்மா வேலைக்குப் போயிருந்தார். பெண்தான் இருந்தாள். ஒரு சேரை எடுத்துப் போட்டாள். தாளைப் பார்த்து வாசிப்பது போலவே நடந்ததைச் சொன்னேன். மெயில், ஃபோல்டர், போன் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவுரு போன் பண்ணாரு" என்றாள், மாப்பிள்ளையைச் சொல்லி. "அவங்க அம்மா சாப்பிடாம படுத்துக்கினு கீறாங்களாம். இன்னும் ஒரு வருஷம் போவட்டும்னாரு. நான் போனை வச்சிட்டேன்."

நான் தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

"மாத்திரை இப்ப இங்கியே தராங்க, சார். நீங்க அடிச்ச மனுதான்" என்றாள். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அவள் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கிளம்பும்போது கேட்டாள். "என் போட்டோ இன்னும் அந்த ரிப்பேர்காரரு போன்ல கீதா?"

"அழிச்சிடறேன்னு சொன்னாரும்மா."

"நீங்க பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. அவர் சொன்னதும் சரி என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். அதை அவளிடம் சொன்னேன். அவள் சேரை எடுத்து உள்ளே வைத்தாள்.

மறுநாள் காலை ரிப்பேர்காரர் கடைக்குப் போய்ப் போனைக் காட்டச் சொன்னேன். காட்டினார். கடைசி வரை தள்ளிப் பார்த்தேன். படம் இல்லை. மதியம் வந்து என் கம்ப்யூட்டரில் அன்று சொன்ன அந்த இன்னொன்றைப் போட்டுக் கொடுத்தார். அது மெயில் கேட்கவில்லை. சாயங்காலம் ஒருவர் பட்டா மனுவோடு வந்தார். ஒரு பக்கம் அடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.