கோப்பி மரத்தில் இன்று அரைநாள் வேலை

கண்டியில் எங்கள் வீடு இருக்கும் மலைச்சரிவு, தேயிலை வருவதற்கு முன் கோப்பித் தோட்டமாக இருந்ததாம். அந்தக் காலத்தின் வாரிசாக எங்கள் வீட்டின் பின்பக்கம் ஒரே ஒரு கோப்பி மரம் நிற்கிறது.

போன வாரம் பெய்த மழைக்கு, இன்று காலை அது வெள்ளை வெளேரென்று பூத்துவிட்டது. மரம் முழுக்கத் தேனீக்கள்.

மனைவி செல்வி தேங்காய் துருவச் சொல்லியிருந்தாள். நான் உட்காரக் கதிரையைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டேன்.

செல்வி கலஹா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். கல்யாணத்துக்குப் பிறகுதான் டவுனில் துணிக்கடை வேலை. திட்டத்தான் வந்தாள், மரத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"நல்ல ஆளுக. ஒரு பூவ விடாம நெரை பிடிச்சுப் போறாளுக பாருங்க" என்று தேனீக்களைக் காட்டினாள்.

அந்த நேரம் ஒரு பெரிய கறுப்பு வண்ணத்துப்பூச்சி வந்தது. எந்தப் பூவிலும் உட்காராமல் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது.

"கங்காணி வந்துட்டுப் போறாரு" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தேனீக்கள் கலைந்தன. நாங்களும் உள்ளே ஓடினோம்.

ஜன்னலில் நின்று செல்வி உச்சுக்கொட்டினாள். "பாவம், இன்னைக்கு அரைப் பேருதான்."

தோட்டத்தில் அரைப் பேர் என்றால் அரைநாள் சம்பளம்.

"சும்மா சுத்திட்டுப் போன வண்ணத்துப்பூச்சிக்கு?"

"கங்காணிக்கு என்னைக்கும் முழுப் பேருதாங்க."

"அப்போ எனக்கு?"

துருவாத தேங்காயை என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

தோட்டத்தில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்: இதைத் துருவி முடித்தால் அரைப் பேராவது விழுமா?