குமாரபாளையம் தறிக்கூடத்தில் சிக்கிய கேமரா ஸ்ட்ராப்

விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். போன வருடம் செகண்ட் ஹேண்டில் ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கினேன். ஆறு மாதம் ஆகியும் மொட்டை மாடியில் காய்ந்த துணியையும் எதிர்வீட்டுப் பூனையையும் தவிர வேறு எதையும் எடுக்கவில்லை. அந்தக் கூச்சம் தாங்காமல்தான் பிப்ரவரியில் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுக் குமாரபாளையம் கிளம்பினேன். கூட வேலை பார்க்கும் கவிதாவுக்கு அதுதான் சொந்த ஊர். அவளுடைய சித்தப்பா மகள் பூங்கொடி வீட்டோடு நாலு விசைத்தறி ஓட்டுகிறார். "காலைல வெயில் தறிமேல விழறப்ப பாரு, அப்புறம் பூனைய எடுக்கவே மாட்ட" என்று கவிதா ஆசை காட்டியிருந்தாள்.

வியாழன் இரவு சேலத்தில் தங்கினேன். புதிய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே சுத்தமான அறை, வாடகை 850 ரூபாய். மறுநாள் காலை 6.10க்குச் சங்ககிரி வழியாகப் போகும் பஸ். ஐம்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் 45 ரூபாய். 7.35க்கு இறங்கினேன். ஊருக்குள் நுழையும்போதே தறிச் சத்தம் காதில் விழுகிறது. முதல் பத்து நிமிடம்தான் அது சத்தம், அப்புறம் பழகிவிடுகிறது.

பூங்கொடிக்கு நாற்பது வயது இருக்கலாம். வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க, வாங்க, வழி தெரிஞ்சுதுங்களா?" என்று பையை வாங்கிக்கொண்டு இட்லி வைத்தார். சாப்பிடும்போதுதான் வீட்டில் வேறொரு பரபரப்பு இருப்பது தெரிந்தது. கணவர் சேகர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர்வெல் ரிக் லாரியில் வேலை செய்கிறார். ஒன்பது நாள் லீவு முடிந்து அன்றைக்கே கிளம்புகிறார். மதியம் மூன்று மணிக்குத் திருச்செங்கோட்டிலிருந்து வண்டி சத்தீஸ்கர் போகிறது. திரும்பி வர ஆறு மாதமோ, ஏழு மாதமோ.

"ஏனுங்க, ஒண்ணு கேட்டா தப்பா நினைச்சுக்க மாட்டீங்களே?" என்றார் பூங்கொடி. "நாங்க நாலு பேரும் சேந்தாப்புல ஒரு நல்ல போட்டோ இல்லீங்க. செல்லுல எடுத்தது கெடக்குது. அதுல யாராச்சும் ஒருத்தருக்குப் பாதி மூஞ்சிதான் இருக்கும்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் கேமராவுக்கு வந்த முதல் வேலை! வாசலில் சாய்வெயிலில் நால்வரையும் நிறுத்தினேன். பெரியவள் பத்தாம் வகுப்பு, சின்னவள் ஏழாம் வகுப்பு, இருவரும் பள்ளிச் சீருடையில். சேகர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடினார். ஆறு படம் எடுத்தேன். ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். 9.45க்குச் சேகர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "போயிட்டு வாரேனுங்க" என்று என்னிடமும் சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

அதற்குப் பிறகு தறிக்கூடம். உள்ளே போகும்முன் பூங்கொடி இரண்டு விஷயம் சொன்னார். துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. "பளிச்சுன்னு அடிச்சா கண்ணு ஒரு நொடி இருட்டிக்குமுங்க. அந்த நொடில கை எங்க போகும்னு சொல்ல முடியாது." இரண்டையும் கேட்டேன். கேமராவின் ஸ்ட்ராப்பை மட்டும் யாரும் நினைக்கவில்லை, நான் உட்பட.

வெளிச்சம் கவிதா சொன்ன மாதிரியே இருந்தது. கூரைக் கண்ணாடி வழியாக இறங்கிய வெயிலில் பஞ்சுத்தூசி மிதந்தது. லுங்கிக்கான பச்சை, ஊதா நூல்கள் தறியில் ஓடிக்கொண்டிருந்தன. தரையோடு தரையாக ஒரு கோணம் எடுக்கலாம் என்று கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றி, மோட்டார் பக்கம் குந்தி உட்கார்ந்தேன். பட்டனை அழுத்திப் பிடித்தபடி வரிசையாக எடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்ட்ராப் கீழே ஊஞ்சல் மாதிரி தொங்கியது.

வெடுக்கென்று கேமரா கையைவிட்டுப் போனது. ஸ்ட்ராப்பின் வளையம் பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. கேமரா தறியின் இரும்புக் காலில் மோதி, துள்ளி விழுந்தது. நான் யோசிக்கவே இல்லை, கையை நீட்டினேன்.

"கை வெக்காதீங்க!"

அந்தச் சத்தத்திலும் அது கேட்டது. பூங்கொடி ஒரு கையால் என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார், இன்னொரு கையால் சுவிட்சை அணைத்தார். அணைத்த பிறகும் சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றியது. அது நின்ற பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அரை நிமிடத்துக்கு முன்னால் அந்த ஸ்ட்ராப் என் கழுத்தில் இருந்தது.

பூங்கொடியும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "நூலு அறுந்தா முடிஞ்சுக்கலாமுங்க. விரலுக்கு என்ன பண்றது?" என்றார். கோபமாக இல்லை. அவருக்கும் மூச்சு வாங்கியது.

சக்கரத்தைக் கையால் பின்பக்கம் சுற்றி ஸ்ட்ராப்பை எடுத்துக் கொடுத்தார். லென்ஸுக்கு முன்னால் போட்டிருந்த ஃபில்டர் நொறுங்கியிருந்தது, லென்ஸ் பிழைத்தது. பேட்டரி மூடி திறந்து, பேட்டரி வெளியே கிடந்தது. ஊதித் துடைத்து உள்ளே போட்டு ஆன் செய்தேன். 'கார்டைப் படிக்க முடியவில்லை. ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டது. எனக்கு அப்போது ஒரே எண்ணம், கேமரா பழையபடி ஓட வேண்டும். கட்டைவிரல் 'ஓகே' மேலேயே போய்விட்டது.

"அப்ப காலைல எடுத்தது?" என்றார் பூங்கொடி.

விரலை எடுத்துவிட்டேன். படம் பதிவாகிக்கொண்டிருக்கும்போது பேட்டரி பிடுங்கிக்கொண்டதால் கார்டு குழம்பியிருக்க வேண்டும். ஃபார்மட் செய்து கார்டை வெறுமையாக்கியிருந்தால் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிருக்கும். கார்டை வெளியே எடுத்து, இனி எதுவும் பதிவாகவோ அழியவோ கூடாதென்று ஓரத்திலிருந்த குட்டிப் பூட்டைக் கீழே தள்ளி, அதன் டப்பாவில் வைத்தேன். சேகருக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேண்டாமுங்க. வண்டி ஏறப் போறவரு. மனசு சங்கடப்படுவாரு."

மணி 11.20. ஆட்டோ பிடித்து, 60 ரூபாயில், கடைவீதியில் இருக்கும் ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்குப் போனோம். உரிமையாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கார்டைப் பார்த்தார்.

"இதுக்கப்புறம் ஏதாச்சும் எடுத்தீங்களா? எதையாச்சும் அமுத்துனீங்களா?"

"இல்லைங்க."

"அப்ப பாதி பொழச்சிருச்சுங்க. உக்காருங்க."

கார்டை கம்ப்யூட்டரில் மாட்டி, அழிந்த படங்களைத் தேடும் மென்பொருளை ஓட விட்டார். ஒரு மணி நேரம் பத்து நிமிடம். பூங்கொடி திரையைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு தறியும் நின்றுகிடக்க அவர் இங்கே உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

முதலில் பூனை வந்தது. அப்புறம் துணிகள். பிறகு ஒரு படத்தின் மேல்பாதி மட்டும், கீழே முழுக்கச் சாம்பல் நிறம். சேகரின் தலை தெரிந்தது. பூங்கொடி எழுந்து வந்தார். அடுத்தது முழுசாக வந்தது. ஆறில் நான்கு தேறின. அதில் ஒன்றில் எல்லோரும் கண் திறந்திருந்தார்கள். சின்னவள் அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள். எடுக்கும்போது நான் அதைக் கவனிக்கவே இல்லை.

"இத இப்பவே பிரிண்ட் போட்டா, மூணு மணிக்குள்ள திருச்செங்கோடு போயிரலாமுங்களா?" என்று பூங்கொடிதான் கேட்டார்.

ஸ்டூடியோக்காரரே ஒரு கார் டிரைவருக்கு போன் போட்டார். பிரிண்ட் கைக்கு வர 1.45 ஆனது, அதற்குள் தங்கவேல் என்பவர் காரோடு வந்துவிட்டார். திருச்செங்கோடு இருபத்தைந்து கிலோமீட்டர், போய்வர 1,100 ரூபாய். விஷயம் கேட்டதும், "மூணு மணின்னா ரிக் வண்டி மூணரைக்குத்தான் நகருமுங்க, பயப்படாதீங்க" என்றார். சொல்லிவிட்டு, வழியில் ஓரிடத்திலும் நிறுத்தாமல் ஓட்டினார்.

2.35க்குத் திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகள் நிற்கும் லாரி நிறுத்தத்தில் இறங்கினோம். ரிக் வண்டிக்குப் பூஜை போட்டு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். சேகர் ரிக்கோடு கூடவே போகும் கம்ப்ரஸர் லாரியில் குழாய்களைக் கட்டிக்கொண்டிருந்தார். பூங்கொடியைப் பார்த்ததும் பதறி ஓடி வந்தார். "என்னாச்சு? பாப்பாவுக்கு ஏதாச்சுமா?"

"ஒண்ணுமில்ல. இதக் குடுக்கத்தான் வந்தோம்."

கையிலிருந்த கிரீஸைத் துண்டில் துடைத்துவிட்டு ஓரத்தைப் பிடித்து வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். "பெரியவ என் தோளுக்கு வந்துட்டாளா?" என்றார். ஒன்பது நாள் வீட்டில் இருந்தவர் கேட்கிறார். பூங்கொடி சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். தங்கவேல் சொன்னது சரி, வண்டி 3.30க்குத்தான் நகர்ந்தது.

பவானி கூடுதுறை, பள்ளிபாளையத்துப் பாலம் என்று நான் போட்டிருந்த திட்டம் எதுவும் நடக்கவில்லை. வருத்தமே இல்லை.

நீங்களும் போவதாக இருந்தால், பிப்ரவரியில் காலை எட்டிலிருந்து பத்துக்குள் வெளிச்சம் அருமை. தறி ஓட்டுபவரிடம் அனுமதி கேட்காமல் உள்ளே போகாதீர்கள். ஓடும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஸ்ட்ராப்பைக் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள். மணிக்கட்டில் சுற்றுவதும் வேண்டாம். சிக்கினால் கேமராவை விட்டுவிடுங்கள். கூடத்துக்குள் லென்ஸ் மாற்றினால் பஞ்சு சென்சாரில் ஒட்டிக்கொள்ளும். வெளியே வந்து மாற்றுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். நான் அன்று பேட்டரியை ஊதியதும் தப்புதான். அதற்கென்று இருக்கும் ரப்பர் பம்ப் 150 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஃபில்டர் வாங்க யோசிக்காதீர்கள், என் லென்ஸைக் காப்பாற்றியது அதுதான். கார்டு தகராறு செய்தால் எதையும் அழுத்தாமல் வெளியே எடுத்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவருக்கு முக்கியமான படத்தை எடுத்தால் அடுத்த வேலைக்குப் போகும்முன் அதை போனுக்கு மாற்றிவிடுங்கள். அன்று எனக்கு அதற்கு ஒரு மணி நேரம் இருந்தது. இட்லி நன்றாக இருந்ததால், படம் எடுத்து முடித்ததும் இன்னும் இரண்டு கேட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

போன வாரம் பூங்கொடி கூப்பிட்டார். சேகர் ஆடிக்கு வருகிறாராம், என்னையும் வரச் சொன்னார். "நீங்க வாரப்ப நாலு தறியையும் நிறுத்தியே வெச்சுடறனுங்க" என்றார்.

"நிறுத்தாதீங்க, ஓடட்டும்" என்றேன். "நான் தள்ளி நின்னே எடுக்கிறேன்."