வைத்தீஸ்வரன்கோயிலில் நின்ற சிவகாமி

கிள்ளானிலிருந்து வேலைக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது சிவகாமியின் மகள் அழைத்தாள். "அங்கிள், அம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயே." பிரிக்ஃபீல்ட்ஸுக்கு இறங்க வேண்டிய நிலையத்தில் இறங்கத் தோன்றவில்லை. இரண்டு நிலையங்கள் தாண்டி இறங்கி, திரும்பும் ரயிலுக்காக வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அவரோடு நடந்தவர்களும் அவரிடம் திட்டு வாங்கியவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களிடம் சொல்ல எனக்கு ஒன்று பாக்கி இருக்கிறது.

சிவகாமி நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். கடல் கடந்து இங்கே கேரி தீவுத் தோட்டத்தில் குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். அறுபது வயதுவரை தமிழ்நாட்டைப் பார்த்ததில்லை. ஆனால் சோழர் காலத்து அடியார்கள் திருவையாற்றிலிருந்து சிதம்பரம்வரை தலம் தலமாக நடந்த வழியை, கல்வெட்டுத் தொகுப்புகளை வைத்துக்கொண்டு, சாப்பாட்டு மேசையிலேயே வரைந்து முடித்திருந்தார். மன்னர்கள் பெயரை அவர் குறித்துக்கொள்ளவில்லை. வழிநடப்போருக்குச் சோறு போடவும் தண்ணீர் வைக்கவும் யார் நிலம் எழுதிவைத்தார்கள் என்ற வரிகளையே குறித்தார். "எங்க சோறு போட்டாங்கன்னு பாருங்கண்ணே. வழி தானா தெரியும் லா" என்பார்.

அந்த வரைபடத்தை நம்பி ஐந்து பேர் தமிழ்நாட்டுக்குப் போய், திருவையாற்றிலிருந்து நடக்கப் புறப்பட்டோம். கும்பகோணம் தாண்டியதும் அவர் போட்ட கோடு ஒரு வீட்டுக் கொல்லைக்குள் புகுந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்மணியிடம், "உங்க வீட்டு வழியாத்தான் அந்தக் காலத்துல சிதம்பரம் போனாங்க" என்றார் சிவகாமி. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கொல்லைக் கதவைத் திறந்துவிட்டு, ஐவருக்கும் மோர் கொடுத்தார்.

ஏழாம் நாள், வைத்தீஸ்வரன்கோயில் குளப்படியில் சிவகாமி செருப்பைக் கழற்றினார். "எனக்குப் போதும்ணே." காலில் புண் இல்லை, காய்ச்சலும் இல்லை. இன்னும் இரண்டு நாள் நடைதானே என்று கெஞ்சினேன். பிறகு கோபித்தேன்.

"டயர்டா இருக்குண்ணே. அவ்வளவுதான். அப்பவும் எத்தனையோ பேரு பாதி வழியில நின்னிருப்பாங்க. அதை யாரும் கல்லுல வெட்டல."

நாங்கள் நால்வரும் நடந்தோம். அவர் இரண்டு நாள் அங்கேயே இருந்துவிட்டுச் சென்னைக்கு ரயில் ஏறினார்.

ஊர் திரும்பியதும் ஒரு மாத இதழில் கட்டுரை எழுதினேன். ஐவரும் சிதம்பரம் சேர்ந்தோம் என்று முடித்திருந்தேன். இதழ் வந்த அன்றே அவர் கூப்பிட்டார்.

"ஏண்ணே பொய் எழுதினீங்க?"

"உங்களுக்கு மரியாதையா இருக்கட்டுமேன்னு..."

"நின்னவளுக்கு மரியாதை கிடையாதா?"

குரல் உயரவில்லை. அடுத்த இதழில் திருத்தம் போடுவதாகச் சொன்னேன். போடவில்லை. அதன்பிறகு எத்தனையோ முறை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒன்றாகத் தேநீர் குடித்தோம். அவர் அதைப் பற்றிக் கேட்கவேயில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

கொஞ்ச காலமாகக் காலையில் எழுந்து கிளம்புவதே எனக்குப் பெரும்பாடாக இருக்கிறது. யார் கேட்டாலும் நன்றாக இருக்கிறேன் என்றே சொல்லிவந்தேன். தகனம் முடிந்து வெளியே வந்தபோது அவர் மகள், "நீங்க எப்படி இருக்கீங்க அங்கிள்?" என்றாள். "களைச்சுப் போயிட்டேன்மா" என்றேன். அதைக் கூசாமல் சொல்ல முடிந்தது. சிவகாமியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.

தாமதமான திருத்தம்: சிதம்பரம் சேர்ந்தவர்கள் நான்கு பேர். சிவகாமி வைத்தீஸ்வரன்கோயிலில் நின்றார். நின்றதை நின்றதாகவே சொன்னார்.