நாலாவது மூலையில் நின்றவள்

பொய் என்று சொல்பவர்கள் ஒரு நாள் என்னோடு மண்ணூர்ப் பக்கம் வரட்டும். நடுராத்திரி கூட வேண்டாம், சாயங்காலம் போதும். இது நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தது.

2009, ஐப்பசி. கார் கம்பெனியில் என் காண்ட்ராக்ட் முடிந்துவிட்டது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆள் வானமாமலை அண்ணாச்சி ஸ்ரீபெரும்புதூரில் மனை விற்றுக்கொண்டிருந்தார். என்னையும் சேல்ஸில் சேர்த்துக்கொண்டார்.

"ஏலே இசக்கி, இந்த ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரு மனையாவது புக் பண்ணு. இல்லன்னா ஊருக்குப் பஸ் ஏறிரு."

ஞாயிறன்று மண்ணூர் மனைகளைப் பார்க்க எங்கள் வேனில் வந்தவர்கள் எங்கள் பிரியாணியைத் தின்றுவிட்டு நழுவினார்கள். பாவிகள்! மிஞ்சியது சபாபதியும் அவர் மனைவி ரத்னாவும் மட்டும்தான். மணி ஐந்து நாற்பது.

மழைக்குப் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. எல்லைக் கல் எதுவும் தெரியவில்லை. இப்படிப்பட்ட மனையைக் காட்ட எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. மூலைக்கு ஒருவர் நின்று கையைத் தூக்க வேண்டும். அப்போதுதான் அளவு பிடிபடும். நாங்கள் மூன்று பேர், மூன்று மூலையில் நின்றோம்.

"நாலாவது மூலையில யாருப்பா அது? உங்க ஆபீஸா?" என்றார் சபாபதி.

திரும்பினேன். ஒரு பெண் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

யாரென்றே தெரியாது. ஆனால் வியாபாரம் கெட்டுவிடக் கூடாதே! "ஆமா சார், நம்ம ஆளுதான்" என்றேன்.

நாங்கள் நடந்த இடமெல்லாம் புல் மடிந்து கிடந்தது. அவளைச் சுற்றி... ஒரு புல்கூட மடியவில்லை.

தவளைச் சத்தம் சட்டென்று நின்றது.

நான் கையை இறக்கினேன். சபாபதியும் இறக்கினார். அவள் இறக்கவில்லை.

ரத்னாவும் இறக்கவில்லை. தூக்கிய கையோடு அவளை நோக்கி நடந்தார்.

"ரத்னா... எங்க போற?"



நான் ஓடிப்போய் ரத்னாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"வுடுப்பா... அவங்க கூப்புட்றாங்க."

நிமிர்ந்து பார்த்தேன்.

யாரும் இல்லை...

காலையில் சபாபதி போன் செய்தார். "ராத்திரியில இருந்து ரத்னாவுக்கு ஜுரம். இன்னும் கண்ணத் தொறக்கல. அந்த மனை வோணாம்பா."

போச்சு. ஊருக்குக் கிளம்பப் பையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அண்ணாச்சி வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"ஜெயிச்சிட்டியேல! நேத்து நீ காட்டுன மனைக்கு அந்தம்மா இப்பத்தான் வந்து அட்வான்ஸ் குடுத்துட்டுப் போறா. கெணத்த மட்டும் மூடக் கூடாதாம்."

"எந்தக் கெணறு அண்ணாச்சி?"

"நாலாவது மூலையில இருக்குல்லா? சுவரு கெடையாது, புல்லு மூடிக் கெடக்கும். ஒனக்குச் சொல்லலையோ?"

குனிந்து பார்த்தேன். மேஜைக்கு முன்னால் தரை நனைந்திருந்தது. வெளியே மழை இல்லை.

என் வேலை தங்கியது. ரத்னா பத்து நாளில் எழுந்துவிட்டார், தான் ஆபீஸ் பக்கமே வந்ததில்லை என்றார். மீதிப் பணம் கட்டவும் யாரும் வரவில்லை. அண்ணாச்சி அந்த மனையை வேறு யாருக்கும் விற்கவில்லை. கிணற்றை மூடவும் இல்லை.