அசையாத பயணி

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் கறார் மேடம். முகத்துக்கு நேரே மேடம் மட்டும். கல்யாணம் வேண்டாம் என்றபோது காரணம் கேட்டவர்களிடம் "உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டவள். அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் நகரப் பேருந்து ஓட்டினான்.

இயந்திரங்களை நடத்தும் நிரல் சொன்ன நேரத்துக்குள் சொன்னதைச் செய்யுமா என்று பார்ப்பது அவள் வேலை. 'இது நடந்தால் இவ்வளவு நேரத்துக்குள் அது நடக்க வேண்டும்' என்ற நிபந்தனையைத் தர்க்கக் குறியீட்டில் எழுதுவாள். பிறகு அதை வட்டங்களும் அம்புகளுமாக மாற்றுவாள். வட்டம் ஒரு நிலை, அம்பு ஒரு நிகழ்வு. கூடவே ஓடும் கடிகாரம் ஒன்று. கணினி அந்தப் படத்தில் எல்லா வழிகளிலும் நுழைந்து பார்த்துவிட்டு, நிபந்தனை எங்கும் தவறவில்லை என்றால் பச்சை காட்டும், தவறினால் சிவப்பு.

அவர்கள் நிறுவனம் செய்யும் பேருந்துக் கதவுக்கு நிபந்தனை இது: மூடும்போது ஏதாவது சிக்கினால் ஒரு நொடிக்குள் திறக்க வேண்டும். படத்தை மேலாளர் எப்போதோ வரைந்திருந்தார். பச்சை. அதை நம்பிப் பல வருடங்களாகக் கதவுகள் விற்றன. புதிதாக ஒருவர் நிறையக் கதவுகள் கேட்டதால் கறார் மேடம் அதைத் திறந்து பார்த்தாள்.

கதவில் ஏதோ பட்டதும் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து ஓடுகிறது. சரி. நொடி முடிவதற்குள் மறுபடி பட்டால் மறுபடி பூஜ்யம். அப்புறமும் பட்டால் அப்புறமும் பூஜ்யம். அந்த ஒரு நொடி முடிவதே இல்லை. கெடு முடியாதவரை குற்றமும் இல்லை.

ஓடத் தொடங்கிய கடிகாரத்தைக் கதவு திறக்கும்வரை தொடக்கூடாது என்று ஓர் அம்பை மாற்றினாள். சிவப்பு.

கீழே கொட்டகையில் ஒரு மாதிரிக் கதவு இருந்தது. தன் கைப்பையின் வாரை அதில் கொடுத்துவிட்டுச் சும்மா நின்றாள். திறந்தது. மறுபடி கொடுத்து வெடுக் வெடுக்கென்று இழுத்தாள். இழுத்துக்கொண்டிருந்தவரை திறக்கவில்லை. பதறுகிறவனைப் பிடித்துக்கொள்ளும், பேசாமல் நிற்பவனை விட்டுவிடும். இப்படியும் ஒரு கதவு.

"நீங்க வரைஞ்ச படம் தப்பு சார்."

"இத்தனை வருஷமா பச்சையா இருந்துச்சேம்மா."

"கதவும் அதே தப்பைப் பண்ணுது. அதான் ரெண்டும் ஒத்துப்போச்சு."

"மாட்டிக்கிட்டு எவன் கைய ஆட்டிக்கிட்டு இருப்பான்?"

"பின்ன என்ன சார் பண்ணுவான்? பேப்பர் படிப்பானா?"

"டிரைவர் கண்ணாடில பார்த்துக்குவாரு. நீ கதவு பத்திரம்னு கையெழுத்தப் போடு."

அன்று சாயங்காலம் வீட்டில் அதைச் சொன்னதும் அண்ணன் சிரித்தான்.

"கண்ணாடியா? வண்டி நிறைஞ்சிருந்தா கண்ணாடில எனக்குத் தெரியறது எவனோடயோ அக்குள்தான். கதவு மூடுன விளக்கு எரிஞ்சா எடுப்பேன். துணி, பை வாரு இதெல்லாம் மாட்டியிருந்தாலும் அந்த விளக்கு எரியும். யாராவது இழுபட்டுப் போனா உங்க சாரோட சட்டையவா பிடிப்பாங்க? என் சட்டையத்தான்."

"அதுக்குத்தானே கத்திட்டு வந்திருக்கேன்."

"கத்தி என்ன ஆச்சு?"

"அந்தக் கதவை விட்டுட்டு ரெண்டு பேரும் சாப்பிட வாங்க," என்று அண்ணி உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

மறுநாள் காலையில் படம் பச்சையாக இருந்தது. அவள் திருத்திய அம்பு அப்படியேதான் இருந்தது. படத்தோடு எழுதிவைக்கும் அனுமானங்களில் மட்டும் மேலாளர் ஒன்றைச் சேர்த்திருந்தார்: சிக்கிய பயணி, கதவு திறக்கும்வரை அசையமாட்டார்.

விறுவிறுவென்று அவர் அறைக்குப் போனாள்.

"ஆளு அசையலன்னா எல்லாமே பத்திரம்தான் சார். சவப்பெட்டிகூடப் பத்திரம்தான்."

"அனுமானம் இல்லாம எந்தப் படம்மா இருக்கு? நீ வெச்சதே இல்லையா?"

வைத்திருக்கிறாள். அதனால் எரிச்சல் இன்னும் ஏறியது. ஆனால் அவள் வைத்த ஒவ்வொன்றுக்கும் பொறுப்பேற்க ஓர் ஆள் இருந்தான். மின்சாரம் இந்த அளவுக்குக் கீழே இறங்காது என்று எழுதினால், மின்கலம் செய்தவனுக்கு அதை எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் வாங்குவது அவர்கள் வழக்கம். இதற்குப் பொறுப்பு பயணி. அவனுக்கு யார் சொன்னார்கள்?

மேசைக்குத் திரும்பினாள். கையெழுத்துப் போட்டாள். அசையாத பயணிக்கு அந்தக் கதவு பத்திரம் என்பது உண்மைதானே. கையோடு, கதவு வாங்குபவருக்கு ஸ்டிக்கருக்கான வாசகத்தையும் அனுப்பினாள். ஒவ்வொரு கதவிலும் உள்ளேயும் வெளியேயும் ஒட்ட வேண்டியது.

*இந்தக் கதவில் சிக்கிக்கொண்டால் அசையாதீர்கள். அசைந்தால் கதவு திறக்காது.*

மத்தியானத்துக்குள் மேலாளர் அவளைக் கூப்பிட்டார். மேசைமேல் ஒலிபெருக்கியில் இருந்த தொலைபேசியில் வாங்குபவர்.

"இதை ஒட்டினா என் வண்டில எவன் சார் ஏறுவான்?"

"அது வந்து, சும்மா ஒரு முறைக்கு..."

"முறைக்கு இல்ல சார்," என்று அவள் குனிந்து சொன்னாள். "ஒட்டலைன்னா நான் போட்ட கையெழுத்து செல்லாது."

"அப்ப இது நிஜமாவே திறக்காதா?"

மேலாளர் பேனாவை மூடினார், திறந்தார். அவள் நிமிர்ந்து நின்றாள். அவரே சொல்லட்டும்.

"அசைஞ்சா... திறக்காது சார்."

"கதவ அனுப்பாதீங்க. சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க."

இணைப்பு அறுந்தது. மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார்.

"இப்ப குளுகுளுன்னு இருக்கா?"

"இல்ல சார். ஏற்கனவே ஓடுற வண்டிங்களுக்கும் ஸ்டிக்கர் அனுப்பணும். யார் யாருக்கு வித்தீங்க, சொல்லுங்க."