எந்த சர்வருங்க?

புதிதாக வருகிறவர்களை எதையும் தேர்ந்தெடுக்கச் சொல்லக் கூடாது என்று அடம்பிடித்தவன் நான்தான். அதை நினைத்தால் இப்போது என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

பெரிய கம்பெனிகளின் சமூக வலைத்தளங்களே வேண்டாம் என்று நாங்கள் சிலர் வேறொன்றுக்குப் போயிருந்தோம். அதற்கு முதலாளி கிடையாது. யார் வேண்டுமானாலும் தங்கள் கணினியில் ஒரு சர்வர் நடத்தலாம்; அதில் யாரைச் சேர்ப்பது என்பது நடத்துகிறவர் இஷ்டம். எதில் சேர்ந்தாலும் மற்ற சர்வர்காரர்களோடும் பேசலாம். ஆனால் சேரும்போதே ஒரு சர்வரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அந்த நீளப் பட்டியலைப் பார்த்ததும் பாதிப் பேர் "அப்பறம் பாக்கறனுங்க" என்று நழுவிவிடுவார்கள். ஆகவே நான் தமிழில் செய்திருந்த அறிமுகப் பக்கத்தில் பட்டியலைத் தூக்கிவிட்டு, 'சேர்' என்று ஒரே பொத்தான் வைத்தேன். அழுத்தினால் என் நண்பனின் சர்வருக்குப் போகும். அவன் நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறான். தெருநாய்க்குக்கூட 'ங்க' போட்டுப் பேசுகிற ஆள்.

நான் வேலை பார்க்கும் கார்மென்ட்ஸில் ஓவர்லாக் மெஷினில் தைக்கும் பெண் ஒருத்தி, பொங்கலூர்ப் பக்கமிருந்து கம்பெனி வேனில் வருவாள். தையல் லைனில் நடப்பதையெல்லாம் நையாண்டியாக எழுதுவாள். சிலர் கூட்டம் சேர்ந்து புகார் கொடுத்து அவளுடைய பழைய கணக்கை முடக்கிவிட்டார்கள். எழுத இடமில்லாமல் தவித்தவளிடம், "நீ ஒண்ணும் யோசிக்க வேண்டாம் கண்ணு. அந்த பட்டனை அமுக்கு, போதும்" என்றேன்.

பத்து நாளாகியும் 'பரிசீலனையில் உள்ளது' என்றே வந்தது. டீ டைமில் போனைக் கொண்டுவந்து காட்டினாள். அவள் போனதும் நண்பனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"சேர்றவங்ககிட்ட எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேக்கறனுங்க. அந்தப் புள்ள எழுதுன தெருவைப் பாத்தீங்களா? நம்ம சர்வரு நம்மாளுக பொழங்கற எடமுங்க. நாளைக்கு ஒரு சங்கடம்னா யாருங்க பதில் சொல்றது? வேற சர்வர் எத்தனையோ இருக்குதுங்களே."

தெருப் பெயரை வைத்தே சாதியை மோந்து பார்த்திருக்கிறான். அதையும் எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறான்! வாயில் வந்தபடி திட்டினேன். "கோவிச்சுக்காதீங்க" என்றான். நான் சேர்ந்த அன்று அவன் போன் செய்து "எந்தக் கூட்டமுங்க?" என்று கேட்டதும், நான் சிரித்துக்கொண்டே எங்கள் சாதியில் என் குலப் பெயரைச் சொன்னதும், இரண்டு நிமிடத்தில் கணக்கு திறந்ததும் ஞாபகம் வந்தன. அன்றைக்கு எனக்கு அது உறவு விசாரிப்பாகத்தான் பட்டது.

போனை வைத்ததுமே அறிமுகப் பக்கத்திலிருந்து அந்தப் பொத்தானை எடுத்தேன். மறுநாள் அவளிடம் போய், "வேற நல்ல சர்வரா பாத்திருக்கேன் கண்ணு" என்றேன்.

"அந்த சர்வர்க்காரரு ஏனுங்கண்ணா சேத்துக்கல?"

நான் போனை எடுத்துப் புது சர்வரின் பக்கத்தைத் திறந்து அவளிடம் நீட்டினேன்.

"தெருவு கேட்டப்பவே தெரியுமுங்க" என்றாள். பிறகு, "நீங்க எந்த சர்வருங்கண்ணா?" என்று கேட்டாள்.

அவனுடைய சர்வர்தான். இத்தனை வருடம் எழுதியதெல்லாம் அங்கே கிடந்தது. மாறினால் பழைய பதிவுகள் என்னோடு வராது. அதை விளக்குவதற்குள் அவள் மெஷினுக்குத் திரும்பிவிட்டாள்.

சாயங்காலம் சாதியைத் திட்டி நீளமாக ஒரு பதிவு எழுதினேன். அவன் சர்வரில்தான்.