ஏரித் தீவில் மருத்துவமும் ஒரு நாள் விடுமுறையும்

சென்ற மாசி மாதத்தில் பழவேற்காட்டு ஏரியின் தீவு ஒன்றுக்கு மருத்துவத் தொண்டுக்காகச் சென்ற மூவரில் நானும் ஒருவன். அங்கே ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நாங்கள் மருந்துக் கொட்டகையைப் பூட்டிவிட்டுப் படகில் உல்லாசமாகத் திரிந்தோம் என்று எங்களை அனுப்பிய திருவள்ளூர்ச் சங்கத்தார் குற்றம் சாட்டியிருக்கிறார்கள். கொட்டகையைப் பூட்டியது உண்மை. படகில் சென்றதும் உண்மை. மறுப்பதற்காக அல்ல, அப்படிச் செய்தது சரியே என்று சொல்வதற்காக இதை எழுதுகிறேன். அப்பக்கம் செல்ல எண்ணுவோருக்கு வழிவிவரமும் கிடைக்கும்.

டாக்டர் லோகாம்பாள் பினாங்கில் பிறந்து வளர்ந்த தமிழர். ஊதியமின்றி ஓராண்டு வைத்தியம் செய்யக் கப்பலேறி வந்தவர். அவருக்கு இது அயல்நாடு. நான் திருவள்ளூரில் வக்கீல். காயத்தைக் கண்டால் முகம் திருப்புகிறவன்; ஆகவே கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது என் பொறுப்பு. கருவிகளை வெந்நீரில் காய்ச்சி எடுத்துக் கொடுப்பது என் மனைவி கமலத்தின் வேலை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி ரயிலில் புறப்பட்டு, பேசின் பிரிட்ஜில் மாறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போது மணி பத்தரை. மூன்றாம் வகுப்பில் ஆளுக்கு ஒன்றே முக்கால் ரூபாய். அங்கிருந்து ஏரிக்கரை ஏறக்குறைய ஒன்பது மைல். மாட்டு வண்டிக்கு மூன்று ரூபாய் பேசினோம். வண்டிக்காரர் மருந்துப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா சார் இவ்ளோ கனம்? துட்டு பொட்டியா?"

"மருந்து."

"அப்போ திரும்பி வர்றப்போ காலியா இருக்கும். அதுல மீனு போட்டுக்கினு வாங்க."

படகுக்கு ஆளுக்கு எட்டணா. நீர் வற்றும் நேரத்தில் போனால் படகு சேற்றில் தட்டும். நாங்கள் இரண்டு இடங்களில் இறங்கித் தள்ளினோம்.

சனிக்கிழமை காலையிலிருந்தே நல்ல கூட்டம். டாக்டர் முதலிலேயே ஒரு நிபந்தனை சொல்லியிருந்தார். "ஞாயித்துக்கிழமை எனக்கு வேணும், வக்கீல் சார். ஓய்வில்லாம நின்னா என் கை நடுங்கும். நடுங்குற கையில கத்தி இருக்கலாமா? அதோட, கடல்ல குளிக்காம ஊருக்குப் போனா பினாங்குல சிரிப்பாங்க." இதை முதல் நாளே எல்லோருக்கும் தெரியச் செய்திருந்தோம்.

பிற்பகல் எல்லப்பன் என்ற மீனவர் வந்தார். கெளிற்று மீனின் முள் குத்திய வலது உள்ளங்கை சீழ் கோத்து வீங்கியிருந்தது. உடனே கீற வேண்டும், இனியும் தள்ளினால் விரல்கள் மடங்கா, கையே போகக்கூடும் என்றார் டாக்டர். எல்லப்பன் கையை மடியில் மறைத்துக்கொண்டார்.

"திங்கக்கிழமை கீறும்மா. நாளைக்கி எங்க பாடு."

பாடு என்பது முறை. ஏரியில் மீன் மிகுந்த இடங்களில் எந்தப் படகு எந்த நாள் வலை இடுவது என்று ஊராரே முறை வகுத்திருக்கிறார்கள். படகுக்கு நான்கு ஆள் கட்டாயம். ஓர் ஆள் குறைந்தாலும் அன்றைய முறை அடுத்த படகுக்குப் போய்விடும். இழந்தவர்கள் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். கீறிய கையோடு உப்புத் தண்ணீரில் இறங்க முடியாது. மற்ற ஆண்களோ அவரவர் படகுக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்கள். எல்லப்பன் கீறிக்கொண்டால் நான்கு வீடுகள் முறையை இழக்கும். கீறிக்கொள்ளாவிட்டால் அவர் கையை இழப்பார்.

நான் யோசித்தேன், பொதுவாக நான் அதிகம் யோசிப்பவன். பிறகு ஊர்த் தலைவர் முனுசாமியிடம் சென்று, எல்லப்பனுக்குப் பதிலாக நான் வருகிறேன் என்றேன்.

"வெளியாளு வலையைத் தொடக்கூடாது, ஐயா. அது ஊர்க் கட்டு."

"அந்தக் கட்டு எதற்காக?"

"பங்கு கேப்பானே."

"நான் பங்கு கேட்கவில்லை. ஆகவே கட்டின் நோக்கம் மீறப்படவில்லை."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "இப்ப கேக்க மாட்டே. சாயங்காலம் மீனைப் பாத்துட்டுப் பேச்சு மாத்துனா?" என்றார் தலைவர்.

"மாத்தினா என்கிட்ட சொல்லுங்க. வருஷக்கணக்கா கேஸை இழுக்கிறவர், ஒரு நாள் வலையை இழுக்கட்டும்" என்றாள் கமலம்.

தலைவர் தலையசைத்தார். அப்போதே கொட்டகையில் எல்லப்பனின் கையைக் கீறிச் சீழை வடித்தார் டாக்டர். நான் வெளியே நின்றேன்.

ஞாயிறன்று இடுப்பளவு நீரில் நின்று வலை இழுத்தேன். கயிறு என் உள்ளங்கைகளை உரித்தது. "இன்னா நைனா, பேனா மாதிரி புடிக்கிறே?" என்று பக்கத்திலிருந்தவர் கேட்டார். டாக்டரும் கமலமும் அதே படகில் வந்து, முகத்துவாரத்து மணல்திட்டில் இறங்கி, கடலில் ஆசை தீரக் குளித்தார்கள். நடுப்பகலில் வறுத்த மீனோடு பழைய சோறு. டாக்டர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டு, மணலிலேயே தூங்கிப்போனார். அப்போதுதான் சங்கத்து உறுப்பினர் ஒருவர் பார்வையிட வந்து, தீவில் பூட்டிய கொட்டகையையும், எங்களைத் தேடிப் படகில் வந்த இடத்தில் தூங்கும் டாக்டரையும் கண்டார்.

திங்கட்கிழமை காயக் கட்டைப் பிரித்தபோது எல்லப்பன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினார். அவருடைய படகின் முறையும் போகவில்லை. ஆனால் சங்கத்தார், தொண்டு மனப்பான்மை போதாது என்று கூறி, டாக்டரை இனி அத்தீவுக்கு அனுப்புவதில்லை என முடிவு செய்துவிட்டார்கள்.

வலை இழுத்ததைக் காரணம் காட்டி மன்னிப்புப் பெறலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நான் அந்த வாதத்தை எடுக்கப் போவதில்லை. எல்லப்பனுக்கு முள்ளே குத்தாதிருந்தாலும் டாக்டர் அன்று கடலில் குளித்திருப்பார், அதுவும் சரியே. நோயாளிக்காக நாடு கடந்து வந்தவர் ஒரு நாள் தமக்காக வாழ்ந்தால் தொண்டு குறைந்துவிடும் என்பதை எந்தச் சாட்சியும் மெய்ப்பிக்கவில்லை.

செல்ல விரும்புவோர் கவனிக்க: முதலில் பாடு என்றைக்கு என்று விசாரியுங்கள், அன்று நோயாளிகளை எதிர்பார்க்காதீர்கள். குடிநீரைக் காய்ச்சிக் குடியுங்கள். நல்ல வேட்டியைக் கொண்டுபோகாதீர்கள். எத்தனை நாள் போனாலும் ஒரு நாளை வெறுமையாக விடுங்கள். அதற்காக யாரிடமும் அனுமதி கேட்காதீர்கள்.

போன வாரம் கும்மிடிப்பூண்டிச் சந்தைக்கு வந்தவர் மூலம் எல்லப்பன் சொல்லி அனுப்பியிருக்கிறார்: "வர்ற அமாவாசைக்கு மறுநாள் எங்க பாடு. என் கை நல்லாத்தான் இருக்குது. வக்கீலு சும்மா குந்திக்கினு வரட்டும். டாக்டரம்மாவையும் இட்டுக்கினு வரச் சொல்லு."

சங்கத்தின் உதவியின்றி நாங்கள் மூவரும் போகிறோம். அன்று எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. வாய்தா கேட்டு மனுக் கொடுத்துவிட்டேன். காரணம் கேட்கும் இடத்தில், "ஏரியில் மீன் பிடிக்கவும் கடலில் குளிக்கவும்" என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன்.